முதலாளி வஃபாத்தான (இறந்த) பிறகு, கல்லாவில் எடுத்த பணத்துக்குத் தவ்பா (பாவமன்னிப்பு) செய்வது எப்படி?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் (சோறு, கறிக்) கடையில் நான்கு வருடம் கல்லாவில் இருந்தேன். முதலாளிக்குத் தெரியாமல் வாரம் நாற்பது, ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) எடுத்திருக்கிறேன். மொத்தம் எவ்வளவு என்று கணக்கு இல்லை. முதலாளி வஃபாத்தாகிவிட்டார். அவருடைய மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ரமலானிலும் அழுது தவ்பா கேட்கிறேன். அவர் பெயரில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டையும் கொடுக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. பணம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் உங்கள் அழுகை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அல்லாஹ்வின் ரஹ்மத்தில் (அருளில்) நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று சூரா ஸுமர் 53ஆம் வசனம் சொல்வது உங்களுக்கும் சேர்த்துத்தான். மார்க்கச் சட்ட அறிஞர் இமாம் நவவி தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள் சொல்கிறார்கள்: பாவத்தை விட்டுவிடுவது, செய்ததற்கு வருந்துவது, இனி செய்வதில்லை என்று உறுதி எடுப்பது. இன்னொரு மனிதரின் ஹக் (உரிமை) சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக, அதை உரியவரிடம் சேர்க்க வேண்டும். இந்த நான்காவதுதான் உங்களுக்கு நிற்கிறது. ஷஹீதுக்குக்கூட (இறைவழியில் உயிர்நீத்தவருக்குக்கூட) கடனைத் தவிர மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்று முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஹதீஸ் வருகிறது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தால் எல்லாம் கழுவப்பட்டுவிடும் என்று தாபோங் ஹாஜியில் (மலேசியாவின் ஹஜ் சேமிப்பு நிதியில்) பணம் சேர்த்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சேமிப்பிலிருந்தாவது முதலில் இந்தக் கடனை அடையுங்கள்.

அரிசி மூட்டையின் நன்மை முதலாளிக்குப் போய்ச் சேரலாம். ஆனால் அவர் வஃபாத்தான நிமிடத்திலிருந்து அந்தப் பணம் அவருடைய வாரிசுகளின் சொத்து. வாரிசு கண்ணெதிரே இருக்கும்போது அவர்கள் பணத்தை எடுத்து சதகா (தர்மம்) செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை. நல்ல எண்ணத்தில் பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதலில் தொகையை முடிவு செய்யுங்கள். ரசீது இல்லாவிட்டால், இதற்குக் குறைந்திருக்காது என்று மனம் அமைதியாகும் அளவுக்குக் கூட்டியே வையுங்கள். நான்கு வருடத்துக்கு 208 வாரம். ஊருக்குப் போனது, காய்ச்சலில் படுத்தது என்று எட்டு வாரம் உறுதியாகத் தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம், மீதி 200. நாற்பதா ஐம்பதா என்ற சந்தேகத்தில் ஐம்பதை எடுங்கள். 10,000 வெள்ளி ஆகிறது. "சம்பளம் குறைவாகத்தானே கொடுத்தார்" என்று நீங்களாகவே கழிக்கத் தொடங்கினால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

அடுத்து பங்கு. முதலாளியின் தாய் தந்தை அவருக்கு முன்பே போய்விட்டார்கள், அவருக்கு வேறு கடனோ வஸிய்யத்தோ (மரண சாசனமோ) பாக்கியில்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 1,250. மீதி 8,750ஐ மகன்களுக்கு இரண்டிரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று ஐந்தாகப் பிரித்தால் மகன்களுக்குத் தலா 3,500, மகளுக்கு 1,750. மூத்த மகன்தான் கடையைப் பார்க்கிறார் என்று மொத்தத்தையும் அவர் கையில் திணித்துவிட்டு வராதீர்கள். தாயின் பங்கும் தங்கையின் பங்கும் அங்கேயே நின்றுபோனால் உங்கள் பொறுப்பு தீராது. ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாகப் போடுங்கள், அல்லது மற்றவர்கள் சம்மதித்து ஒருவரை நியமித்தால் அவரிடம் கொடுங்கள். தந்தைக்குப் பிறகு வாரிசில் யாராவது இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்கு. இது சிக்கலாகத் தெரிந்தால் ஃபராயிள் (வாரிசுப் பங்கீட்டுச் சட்டம்) தெரிந்த ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) பெயர்ப் பட்டியலோடு போங்கள்.

திருடினேன் என்று அவர்கள் முன் சொல்ல வேண்டுமா? தேவையில்லை. அல்லாஹ் மறைத்த பாவத்தைத் தானே விளம்பரப்படுத்துவது கண்டிக்கப்பட்டிருக்கிறது. "உங்கள் வாப்பாவுக்கு நான் கொடுக்க வேண்டிய பணம் இது" என்றால் போதும், அது உண்மையும்கூட. அன்பளிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் பதில் மரியாதை செய்ய வேண்டியவர்கள் போல ஆகிவிடுவார்கள்.

அவர்கள் மன்னித்துவிட்டால்? பருவமடைந்த, புத்தி சுவாதீனமுள்ள வாரிசு தன் பங்கை மட்டும் விட்டுக்கொடுக்கலாம். அடுத்தவர் பங்கை விட முடியாது. ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) எவ்வளவு என்று தெரியாத கடனை மன்னிப்பது செல்லாது; தொகையைச் சொல்லியே ஹலாலாக்கக் கேட்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இதில் இடம் உண்டு. ஆகவே ஹரி ராயா அன்று கைகுலுக்கி "மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்" (வெளிப்படையாகவும் உள்ளத்தாலும் மன்னியுங்கள்) என்று சொன்னதை இந்த 10,000 வெள்ளிக்கு மன்னிப்பாக எண்ணிக்கொள்ளாதீர்கள். அவர்கள் மனதில் அப்படி ஒரு கடன் இருந்ததே இல்லை.

இனி தொழுகை. நன்றாக ஒளு செய்து, தவ்பாவுக்காக இரண்டு ரக்அத் என்று நிய்யத் வைத்துத் தொழுங்கள். அபூபக்கர் (ரலி) அறிவித்த ஹதீஸ் இதற்கு ஆதாரம். குறிப்பிட்ட சூரா கிடையாது. சுபுஹு தொழுத பிறகு சூரியன் உயரும் வரையும், அஸர் தொழுத பிறகு மஃரிப் வரையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) நேரம் மிகச் சிறந்தது. ஸலாம் கொடுத்தபின் ஆதம் (அலை) கேட்ட துஆவைக் கேளுங்கள்: "ரப்பனா ளலம்னா அன்ஃபுஸனா வஇன்லம் தக்ஃபிர் லனா வதர்ஹம்னா லநகூனன்ன மினல் காஸிரீன்." பிறகு உங்கள் சொந்தத் தமிழில், செய்ததைச் செய்தபடியே சொல்லி அழுங்கள். பணம் கொடுத்து முடிகிற வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம். இன்றிரவே தொழலாம்.

மொத்தமாகக் கொடுக்க வசதி இல்லையென்றால் மாதம் 300 வெள்ளி என்று தவணை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். பாக்கித் தொகை, வாரிசுகளின் பெயர், தொடர்பு எண், இதுவரை கொடுத்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, நம்பகமான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். இடையில் உங்களுக்கு மவுத்து வந்தால் உங்கள் சொத்தைப் பங்கு வைக்கும் முன்பே இந்தக் கடன் கழிக்கப்பட வேண்டும்; எழுதாவிட்டால் உங்கள் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? வாரிசில் ஒருவர் கடையநல்லூர் பக்கம் போய்விட்டார், முகவரி இல்லை என்றால் அந்த ஊர் ஜமாஅத் மூலம் விசாரியுங்கள். உண்மையாகவே தேடியும் கிடைக்காதவரின் பங்கை மட்டும் பினாங்கு பைத்துல்மாலில் (முஸ்லிம் பொதுநிதியில்) ஒப்படைக்கலாம். பின்னாளில் அவர் வந்து நின்றால் விஷயத்தைச் சொல்லுங்கள்; பணமாகவே வேண்டும் என்று கேட்டால் அவர் பங்கை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.