89 ஆய்வுகள், இரண்டு முடிவுகள்

கேள்வி: ஹோமியோபதி, மருந்தில்லாத வெற்று உருண்டையைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 89 ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது என்கிறார்கள். அதே இதழ் பிறகு மாற்றிச் சொன்னது என்றும் கேள்விப்பட்டேன். எதை எடுத்துக்கொள்வது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இரண்டுமே நடந்ததுதான். 1997-இல் கிளாவுஸ் லிண்டே குழு 89 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது இரு பக்கத்தின் பலனையும் ஒப்பிடும் ஆட்ஸ் ரேஷியோ என்ற விகிதம் 2.45 வந்தது. அதில் 1 என்றால் வித்தியாசமே இல்லை, 1-க்கு மேலே போனால் மருந்துக்குச் சாதகம். தரமானவை என்று தேறிய 26-ஐ மட்டும் எடுத்ததும் அது 1.66 ஆக இறங்கியது. 1999-இல் அதே குழு தன் ஆய்வுகளைத் தரவாரியாக மறுபடி அலசி, கண்டிப்பாக நடத்தியவற்றில் பலன் சிறியது, முந்தைய கணக்கு மிகையாக இருந்திருக்கும் என்று எழுதியது. இந்த நேர்மை பாராட்டத்தக்கது. 2005-இல் லான்செட்டில் ஷாங் குழு 110 ஆய்வுகளை எடுத்தது. அங்கே 1-க்குக் கீழே வந்தால்தான் மருந்துக்குச் சாதகம். தரமான, பெரிய 8 ஆய்வுகளில் 0.88 வந்தது, ஆனால் உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லை 0.65 முதல் 1.19 வரை, அதாவது 1-ஐயும் தொடுகிறது, வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம். அந்த 8-ஐத் தேர்ந்த விதத்தைப் பலர் விமர்சித்ததும் உண்டு.

தரம் குறைந்தால் பலன் ஏன் பெருக்கிறது? தருமபுரியில் 60 பேருக்கு முழங்கால் வலி ஆய்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆள் மருந்துப் பக்கமா, வெற்று உருண்டைப் பக்கமா என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டால், லேசான வலிக்காரர் தன்னையறியாமலே மருந்துப் பக்கம் போய்விடுவார். அதனால் யார் எந்தப் பக்கம் என்று குலுக்கிப் போட்ட பட்டியல் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் பக்கமும் ஒளி ஊடுருவாத, எண்ணிட்டு ஒட்டிய உறைக்குள் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே சர்க்கரை உருண்டை, ஒரே ஆல்கஹால், புட்டியில் எண் மட்டும். வலியை 0 முதல் 10 வரை கேட்பவருக்கும் யார் எந்தப் பக்கம் என்று தெரியக்கூடாது.

அதிகம் கோட்டைவிடுவது பாதியில் நின்றவர்கள் விஷயத்தில். வலி குறையாதவர்தான் முதலில் வருவதை நிறுத்துவார். அவரைக் கணக்கிலிருந்து நீக்கினால் மிஞ்சுவது தேறியவர்கள் மட்டுமே. முதலில் சேர்த்த 60 பேரையும், சேர்த்த பக்கத்திலேயே வைத்துக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். அது போதாதா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: போதாதும்மா. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் வருகிறார்கள். சும்மா விட்டாலும் பலருக்கு அது தணியும். ஒப்பிட வெற்று உருண்டைக் குழு இல்லாமல் எது மருந்தால் தணிந்தது என்று பிரிக்க முடியாது. யாராவது ஆய்வு முடிவைக் காட்டினால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் தேடுங்கள். பலனை எதை வைத்து முடிவுசெய்வது என்ற முதன்மை அளவீடாக அங்கே முன்கூட்டிப் பதிந்ததும் கட்டுரையில் அச்சானதும் ஒன்றா என்று பாருங்கள்.