சுவரை விட்டு விலகும் வாசற்படி: மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: எங்களுடையது பழைய வீடு. வாசலில் நான்கு படிகள். கீழ்ப்படி ஒரே கருங்கல், மற்றவை செங்கல். சுவருக்கும் படிக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. அதை அடைத்து மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம், இரண்டே நாள் வேலை என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் படி விலகுவதற்குக் காரணம் அடியில் மண் இறங்குவது. அஸ்திவாரம் தோண்டிய குழியைத் தளர்ந்த மண்ணால் மூடி, அதன் மேலேயே படி கட்டுவது அந்தக் காலத்திலும் உண்டு, இன்றும் உண்டு. வீடு நிற்கும், படி இறங்கும். பிளவு வழியே மழைத்தண்ணீர் புகுந்து மண்ணை இன்னும் கரைக்கும். இதன்மேல் எதை ஒட்டினாலும் சேர்ந்து வெடிக்கும்.

'மேலேயே ஒட்டலாம்' என்பவர்கள் சொல்லாமல் விடும் கணக்கு ஒன்று இருக்கிறது. டைல்ஸும் கலவையும் ஒன்றரை அங்குலம் என்று வையுங்கள். நான்கு படியும் அவ்வளவு உயரும்; தெருவும் வாசற்காலும் உயராது. ஆக முதல் ஏற்றம், அதாவது தெருவிலிருந்து கீழ்ப்படிக்குக் கால் தூக்கும் உயரம், ஒன்றரை அங்குலம் கூடும்; மேல்படியிலிருந்து வாசற்காலுக்கு ஏறும் கடைசி ஏற்றம் ஒன்றரை அங்குலம் குறையும். இருட்டில் ஏறுகிறவர் தடுக்கி விழுவது அங்கேதான். பளபளப்பான டைல்ஸ் என்றால் மழை நாளில் வழுக்கல் வேறு.

சரி, செங்கல் படிகளை இடித்துவிடுங்கள். கெட்டி மண் வரும்வரை தோண்டி, திமிசு போட்டு இறுக்கி, கான்கிரீட் அடித்தளம் போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து வாசற்கால் வரை 30 அங்குலம் என்றால் நான்கு படிக்கு ஐந்து ஏற்றம், ஒவ்வொன்றும் 6 அங்குலம். கால் வைக்கும் அகலம் 12 அங்குலம். மேலே ஒட்டப்போகும் கல்லின் கனத்தையும் சேர்த்தே இந்த அளவு வரவேண்டும். ஒவ்வொரு படியும் வெளிப்பக்கம் கால் அங்குலம் சாயட்டும். சுவரை ஒட்டும் இடத்தில் சிமென்ட் பூசாமல், வளைந்துகொடுக்கும் சீலன்ட் நிரப்பவேண்டும். குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கவேண்டும்; அதுவரை யாரும் ஏறக்கூடாது.

அந்தக் கருங்கல்லை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். "இடித்த குப்பையை நானே அள்ளிக்கொள்கிறேன்" என்று கான்ட்ராக்டர் தாராளம் காட்டினால் அவர் கண் அதன்மேல்தான். பழைய கல்லுக்கு நல்ல விலை உண்டு. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் கல் நன்றாக இருக்கிறது; மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். நடுவில் தேய்ந்து குழிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கடப்பாரையால் நெம்பிப் புரட்டி, இப்போது மேலே வரும் பழைய அடிப்பக்கத்தைக் கொத்திச் சமன் செய்து, புது அடித்தளத்தின் மேல் வைத்தால் இன்னொரு தலைமுறைக்கு வரும். கல் உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கீழ்ப்படி உங்கள் எல்லையைத் தாண்டித் தெருவில் நிற்கிறதா என்று இடிக்கும் முன்பே பாருங்கள். நின்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் நீங்களே நேரில் கேளுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வரும் புரோக்கர் வேண்டாம். உங்கள் படி அரை அடி நீண்டால் நோட்டீஸ் வரும். ஆனால் பழைய தாரைச் சுரண்டாமல் மேல் மேலே போட்டு ரோட்டை உயர்த்தி, நீங்கள் அளந்து கட்டிய முதல் படியைப் பாதி புதைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்புறம், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மேல்படியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். சுவர்ப்பக்கம் ஓடினால் வேலை முடியவில்லை, பணமும் கிடையாது.