கருப்பட்டி பீரும் கலயத்துச் சுண்ணாம்பும்

அன்புள்ள அண்ணனுக்கு,

சாயல்குடி சொந்த ஊர். இப்போது இங்கிலாந்தில் லீட்ஸில் வேலை. இங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். ஊர் மணம் வேண்டுமென்று 20 லிட்டருக்கு ஐந்து வகை மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), மூன்று வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ), சுக்கு, ஏலக்காய், ஒன்றரைக் கிலோ கருப்பட்டி எல்லாம் போட்டேன். தண்ணீராகவும், நாக்கைப் பிடிக்கும் கசப்பாகவும் வந்தது. எளிமையாகச் செய்தால் சப்பென்று ஆகிவிடாதா? தானியங்கி இயந்திரம் வாங்கலாமா?

ம.

அன்புள்ள தம்பி,

இயந்திரம் வேண்டாம். பெரிய பாத்திரம், தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை அடர்த்தி காட்டும் கருவி), பிஎச் (அமில-காரத் தன்மை) அளக்கும் தாள் போதும். பிரிட்டனில் 1963 முதல் வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை. ஊருக்கு வந்து முயன்றுவிடாதீர்கள், இங்கே குற்றம்.

கருப்பட்டியை அவ்வளவு தூரம் சுமந்துபோன மனசு எனக்குப் புரிகிறது. அதை ஏலக்காய்க்கடியில் புதைக்கவா சுமந்தீர்கள்? பதினொரு பொருளைக் கொட்டினால், கெடுத்தது எது என்று யார் சொல்ல முடியும்?

தண்ணீராய்ப் போனதற்குக் காரணம் அளவு. கருப்பட்டிச் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடும். பீருக்குக் கனம் தருவது மால்ட்தான். கருப்பட்டி 400 கிராமைத் தாண்ட வேண்டாம்.

கசப்புக்கு நான் முதலில் சந்தேகப்படுவது சுண்ணாம்பை. பதநீர் புளித்துக் கள்ளாகாமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். குறைந்தால் பதநீர் புளித்து, காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது. கூடினால் கருப்பட்டி கறுத்து, காரல் அடிக்கும். அந்த மிச்சச் சுண்ணாம்பு மால்ட் ஊறும் தண்ணீரில் கலந்தால் பிஎச் ஏறும். 5.2 முதல் 5.6 வரை இருக்க வேண்டியது மேலே போனால் மால்ட் உமியின் துவர்ப்பு இறங்கும், ஹாப்ஸின் கசப்பும் முரடாகும். நீங்கள் கருப்பட்டியை மால்ட்டோடு சேர்த்தே ஊறப்போட்டிருப்பீர்கள். தயவுசெய்து இனி அதைச் செய்யாதீர்கள்! தட்டிப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணலும் சுண்ணாம்பு வண்டலும் படியும், மேலே பனஞ்சிராய் மிதக்கும். தெளிவை மட்டும் துணியில் வடிகட்டி, கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஊற்றுங்கள். கரைசலின் பிஎச் 8-ஐத் தாண்டினால் அந்தக் கருப்பட்டி காப்பிக்குப் போகட்டும்.

மற்றபடி பேல் மால்ட் (வெளிர் நிறம்) 4 கிலோ, 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். வடித்ததை ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தொடக்கத்திலேயே கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 40 கிராம். 20 டிகிரிக்கு ஆறியதும் ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் 11 கிராம். முதல் மூன்று நாள் 18–20 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். நொதிக்கும்போது தானாகவே சூடேறும், அறையின் வெப்பத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஈரத்துணி சுற்றுங்கள். ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடையுங்கள். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.

இது சப்பென்று இருக்காது. கருப்பட்டியின் புகைமணம் தனியாகத் தெரியும். அடுத்த முறை சுக்கு மட்டும் 10 கிராம், கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது. ஏலக்காயைத் தொடவே வேண்டாம்.