புது எல்.எம்.எஸ்-க்கு மாறின பிறகு பழைய கோர்ஸ அப்பிடியே விடலாமா, திரும்ப எழுதோணுமா?

கேட்டவர் சொல்றது இதுதான்: அவர் படிப்பிக்கிற இடத்தில பழைய மூடில் (பாடம், குவிஸ் எல்லாம் ஒன்லைன்ல போடுற எல்.எம்.எஸ்) சைட்ட விட்டிட்டு புது மூடிலுக்கு மாறிட்டினமாம், கோர்ஸ் எல்லாம் வந்திட்டுதாம், அடுத்த பெட்ச் தொடங்க ரெண்டு கிழமைதான் இருக்காம், என்னத்த திருத்துறது, எங்க தொடங்குறது எண்டு கேக்கிறார்.

நான் கொழும்பில ஒரு பிரைவேட் இன்ஸ்டிடியூட்ல தமிழ் மீடியத்தில எக்கவுண்டிங் படிப்பிக்கிறன், எங்களுக்கும் இதே கதைதான் நடந்தது. சைட்ட மாத்தித் தந்த ஆக்கள் "எல்லாம் கிளீனா வந்திருக்கு மிஸ்" எண்டு சொல்லிட்டு போயிட்டினம், நானும் வெள்ளவத்தையில வீட்ட இருந்து லப்டொப்ப திறந்து ஒவ்வொரு டொப்பிக்கா கிளிக் பண்ணிப் பாத்தன், நோட்ஸ் திறக்குது, குவிஸ் திறக்குது, வீடியோ ஓடுது, சரி முடிஞ்சுது எண்டு போய் படுத்திட்டன். நான் விட்ட பிழை அதுதான். என்ர லப்டொப்ல, என்ர லொகின்ல பாத்தா எல்லாம் சரியாத்தானே தெரியும்.

முதல்ல லிங்க். மூடில்ல ஒரு கோர்ஸ பேக்கப் எடுத்தா எம்.பி.இசட் ஃபைல் ஒண்டு வரும், அத புது சைட்ல ரீஸ்டோர் பண்ணேக்க அந்தக் கோர்ஸுக்குள்ளயே இருக்கிற பாடங்களுக்கு போற லிங்க் எல்லாம் தானா புது அட்ரஸுக்கு மாறிடும், அதில ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனா நான் இருந்திருந்து "இத அடிப்படைக் கோர்ஸில மூண்டாவது பாடத்தில பாருங்க" எண்டு வேற கோர்ஸுக்கு லிங்க் குடுத்திருந்தன், அந்தக் கோர்ஸ் இந்த பேக்கப்ல இல்ல, அதால அந்த லிங்க் பழைய சைட்டுக்கே போகுது. பழைய சைட் அப்ப இன்னும் மூடேல்ல, என்ர பிரவுசர் அங்கயும் லொகின் ஆகித்தான் இருந்தது, அதால எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்ல. புது பெட்ச் பிள்ளைகளுக்கு அங்க எக்கவுண்டே இல்ல. பாஸ்வேர்ட் கேட்டு நிண்டிட்டுது, அதுகள் புது பாஸ்வேர்ட திரும்பத் திரும்ப அடிச்சுப் பாத்து, கடைசியா ஒஃபிஸுக்கு போன் எடுத்து "எங்களுக்கு பாஸ்வேர்ட் பிழையா தந்திட்டீங்க" எண்டு சண்டை.

அடுத்தது பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட். இலங்கையில தமிழ்ல டியூட் (பாடக்குறிப்பு) அடிச்ச ஆக்களுக்கு இத விளங்கப்படுத்தத் தேவையில்ல. என்ர பழைய டியூட் முக்காவாசி வேர்ட் ஃபைல், எல்லாம் பாமினி ஃபொன்ட்ல அடிச்சது. ஒஃபிஸ் கொம்பியூட்டர்லயும் என்ர லப்டொப்லயும் பாமினி இருக்கு, முத்து முத்தா தெரியும். ஒரு வியாழக்கிழமை பின்னேர கிளாஸ் முடிய கொட்டாஞ்சேனையில இருந்து வாற பிள்ளை ஒண்டு மூலை வெடிச்ச போன நீட்டி "மிஸ், இது எந்த பாசை?" எண்டு கேட்டுது. பாத்தா திரை நிறைய ஆங்கில எழுத்தும் செமிகோலனும். போன்ல பாமினி இல்லையெண்டா எழுத்து அப்பிடித்தான் தெரியும், ஏனெண்டா உள்ளுக்க இருக்கிறது ஆங்கில எழுத்துத்தான், ஃபொன்ட்தான் அதத் தமிழ் மாதிரி காட்டுறது. "அப்ப இவ்வளவு நாளும் எப்பிடிம்மா படிச்சனீங்க?" எண்டு கேட்டன். "அக்காட கொம்பியூட்டர்ல பிரின்ட் எடுத்தனான் மிஸ்." முந்தின பெட்ச்சில ஒருத்தரும் சொல்லேல்ல, அதுகளும் பிரின்ட் கடையிலதான் எடுத்திருக்குங்கள் போல.

சரி எண்டு எல்லாத்தையும் யூனிகோடுக்கு (எந்த போன்லயும் தமிழாவே தெரியிற முறை) மாத்த இருந்தன். இணையத்தில கன்வேர்ட்டர் இருக்கு, கொப்பி பண்ணிப் போட்டா மாத்தித் தரும், ஆனா அதுக்கு எது பாமினி எது ஆங்கிலம் எண்டு தெரியாது. நடுவில ஆங்கிலத்தில வற் (VAT, பெறுமதி சேர் வரி) எண்டு மூண்டு கெப்பிட்டல் எழுத்து இருந்தா அதையும் பாமினி எண்டு நினைச்சு "ஏயுவு" எண்டு மாத்தி வைக்கும். நான் அவசரத்தில பாக்காம ஏத்திட்டன். ரெண்டு கிழமை கழிச்சு கொப்பி திருத்தேக்க ஒரு தம்பி நல்ல வடிவான எழுத்தில, அடிக்கோடும் போட்டு, "ஏயுவு என்பது அரசாங்கத்தினால் அறவிடப்படும் ஒரு மறைமுக வரியாகும்" எண்டு எழுதியிருக்கிறான். அவனுக்கு ஏசவும் ஏலாது, சிரிக்கவும் ஏலாது. மாக் போட்டிட்டன்.

ஆக, கன்வேர்ட் பண்ணின ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால வாசிக்கோணும், அதுக்கு குறுக்குவழி இல்ல. முக்கியமா ஆங்கிலச் சுருக்கம், அட்டவணை, ஃபோர்முலா வாற இடங்கள். வாசிச்சு முடிஞ்சா வேர்ட் ஃபைலா ஏத்தாம மூடில் பேஜாவே போட்டிடுங்க, போன்ல எழுத்தப் பெருசாக்கி வாசிக்கலாம், தேடலாம், டேட்டாவும் குறைவு. 2020 ல கம்பஸ் பிள்ளைகளுக்கு யுனிவர்சிட்டி சேர்வர்களுக்கு போற டேட்டா இலவசமா குடுத்தவை, எங்கள மாதிரி இடங்களில படிக்கிறதுகளுக்கு அப்பவும் இல்ல இப்பவும் இல்ல, 40 எம்பி ஸ்கேன் பிடிஎஃப் ஏத்தேக்க அத ஒருக்கா யோசிக்கோணும்.

இனித்தான் உண்மையிலயே பயப்பட வேண்டிய விசயம். லிங்க் உடைஞ்சா, எழுத்து உடைஞ்சா பிந்தியாவது ஆராவது வந்து சொல்லுவினம். உடையாம வந்த பழைய பாடத்தப் பற்றி ஒருத்தரும் சொல்ல மாட்டினம்.

நான் அந்தக் கோர்ஸ ஒன்லைன்ல போட்டது 2020 லொக்டவுன் நேரம். அப்ப வற் 8 வீதம், 2019 டிசம்பர் 1 ல இருந்து அப்பிடி. பிறகு 2022 ஜூன்ல 12 ஆச்சு, அதே வருசம் செப்டம்பர்ல 15, 2024 ஜனவரி 1 ல இருந்து 18. நான் என்ன செய்தனான் எண்டா கிளாஸில வாயால சொல்லிக்கொண்டு வந்தன், "பிள்ளைகள், அதில 8 எண்டு இருக்கும், நீங்க 15 எண்டு எடுங்க", பிறகு "18 எண்டு எடுங்க". ஆனா குவிஸுக்கு காது இல்லையே. புது சைட்லயும் அது அச்சொட்டா 8 வீதத்தோடயே வந்து குந்திக்கொண்டு, சரியா செய்த பிள்ளைக்கு பிழை போட்டுது.

வீதத்த மட்டும் மாத்தினா போதும் எண்டு நினைக்காதீங்க. என்ர கேள்வி ஒண்டு: வற் உட்பட விற்பனை விலை 108,000 ரூபா, வற் எவ்வளவு? 8 வீதத்தில விடை 8,000, வடிவா முழு எண். அதே கேள்விய 18 வீதமாக்கினா விடை 16,474.58. நியூமரிக்கல் கேள்வியில அக்செப்டட் எரர் (விடையில எவ்வளவு வித்தியாசம் விடலாம் எண்ட அளவு) பூச்சியமா இருந்தா, 16,475 எண்டு போட்ட பிள்ளைக்கு சைபர். விலையையும் 118,000 ஆக்கினாத்தான் 18,000 எண்டு நேரா வரும், அதோட ஃபீட்பேக் எண்டு கீழ எழுதி வச்சிருப்பம் பாருங்க, "108 இல 8 பங்கு" எண்டு, அதையும் மாத்தோணும், அதத்தான் எல்லாரும் மறக்கிறது.

ஒவ்வொண்டா திருத்தப் பஞ்சிப்பட்டு நான் ஒரு கெட்டித்தனம் செய்தன். கேள்வி எல்லாத்தையும் மூடில் எக்ஸ்எம்எல்லா எடுத்து, நோட்பேட்ல திறந்து, 8% வாற இடமெல்லாம் 18% எண்டு ஒரே அடியில ரீப்ளேஸ். ஈபிஎஃப்ல (ஊழியர் சேமலாப நிதி) ஊழியர் கட்டுறதும் 8 வீதம்தானே, அந்த அப்பாவிகளும் 18 வீதம் கட்டத் தொடங்கிட்டினம். ஏற்கனவே 18 எண்டு நான் கையால திருத்தின ரெண்டு கேள்வி 118 வீதமாச்சு. அதக் கண்டு திரும்ப எல்லாம் சரிப்பண்ணி இம்போர்ட் பண்ணினா, மூடில் பழைய கேள்விக்கு மேல எழுதாது, எல்லாத்தையும் புதுக் கேள்வியா பக்கத்தில சேர்க்கும், குவிஸ் பழசையே பிடிச்சுக்கொண்டு நிக்கும். கேள்வி வங்கியில எல்லாம் ரெட்டை ரெட்டையா. கையாலயே திருத்தியிருந்தா ஒரு நாளில முடிச்சிருப்பன். உங்கட சைட் மூடில் 4.0 க்கு பிறகு வந்ததெண்டா, ஒரு கேள்விய எடிட் பண்ணேக்க அது புது வேர்ஷனா சேவ் ஆகும், பழசும் இருக்கும், பயமில்லாம கை வைக்கலாம்.

வீதங்கள இப்ப நான் பாடத்துக்குள்ள எழுதிறதே இல்ல. "இப்போதைய வீதங்கள்" எண்டு ஒரே ஒரு பேஜ், வற் 18, ஈபிஎஃப் ஊழியர் 8 தொழில்தருநர் 12, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3, அவ்வளவும் அங்க, பாடத்தில அதுக்கு ஒரு லிங்க் மட்டும். 2025 ஏப்ரல்ல சம்பள வரி தொடங்கிற எல்லை மாசம் ஒரு லட்சத்தில இருந்து ஒண்டரை லட்சமானப்ப நான் ஒரு இடத்திலதான் மாத்தினன். உங்கட பாடம் எக்கவுண்டிங் இல்லாட்டியும் இப்பிடி வருசா வருசம் மாறுற சாமான் ஏதாவது இருக்கும், சிலபஸ் இலக்கம், பரீட்சைத் திகதி, படிவத்தின்ர பேர், அதுகள முதல்ல பொறுக்கி எடுங்க.

மிச்சம் சின்னச் சின்ன விசயம். "இடப்பக்க மெனுவில செட்டிங்ஸ அமத்துங்க" எண்டு படம் போட்டு விளக்கம் எழுதியிருந்தா தூக்கி எறியுங்க, 4.0 இல மெனு எல்லாம் இடம் மாறிட்டுது. குவிஸ் திறக்கிற மூடுற திகதி எல்லாம் போன பெட்ச்சின்ர திகதியா இருக்கும், பாருங்க. பேக்கிரவுண்ட் கலர், பனர், ஐக்கன் இதுகளுக்கு மினக்கெடாதீங்க, எங்கட இடத்தில ஒரு சேர் மூண்டு நாளா பனர்தான் செய்தவர்.

ரெண்டு கிழமையில முழுக் கோர்ஸையும் திருத்த ஏலாது, அந்த ஆசைய விடுங்க. முதல் மூண்டு கிழமைப் பாடத்த மட்டும் ரெடி பண்ணி மிச்சத்த ஹைட் பண்ணி விடுங்க, பிள்ளைகள் நாலாவதுக்கு வரமுதல் நாலாவத முடிக்கலாம், நான் அப்பிடித்தான் ஓடினன். சும்மா ஒரு பேர்ல ஸ்டூடன்ட் எக்கவுண்ட் ஒண்டு போடச் சொல்லுங்க, மூடில்ல ரோல் மாத்திப் பாக்கிற வசதி இருக்குத்தான், ஆனா அது உங்கட லொகின்தான், உங்கட பிரவுசர்தான். அந்த எக்கவுண்ட வீட்டில ஆரிட்டயாவது குடுத்து, அவையின்ர போன்ல, வைஃபைய நிப்பாட்டிப்போட்டு, முதல் பாடத்தில இருந்து குவிஸ் வரைக்கும் போகச் சொல்லுங்க, நீங்க பக்கத்தில இருந்து ஒண்டும் சொல்லாம பாருங்க. நான் அம்மாட்ட குடுத்தனான். அவ ரெண்டாவது நிமிசத்தில "பிள்ளை, இது என்ன பாஸ்வேர்ட் கேக்குது?" எண்டு கேட்டா, பழைய சைட் லிங்க் இன்னொண்டு அகப்பட்டுது.

அதோட இண்டைக்கே பழைய சைட்டுக்குள்ள போய் உங்கட கோர்ஸ் ஒவ்வொண்டின்ர எம்.பி.இசட் ஃபைலையும் உங்கட சொந்த டிரைவ்ல இறக்கி வையுங்க. எங்களுக்கு மாசக் கடைசி மட்டும் பழைய சைட் இருக்கும் எண்டு சொன்னவை, 23 ஆம் திகதி காலமை பாத்தா அங்க ஒண்டும் இல்ல.