லென்ஸைப் பிரிக்காதீர்கள்

கேள்வி: இணைய விளம்பரம் பார்த்து ஒரு தனிநபரிடம் பழைய கேமரா லென்ஸ் வாங்கினேன். நான் கேட்டதற்கு, "உள்ளே பூஞ்சை இல்லை" என்று மெசேஜில் சொன்னார். மூன்று வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், பின்பக்கக் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. இப்போது போனை எடுப்பதே இல்லை. அவ்வளவு நம்பினேன். மோசடிப் புகார் கொடுக்கலாமா? லென்ஸைச் சுத்தம் செய்துவிட்டு, செலவை அவரிடம் வசூலிக்கலாமா?

பதில்: நீங்கள் நம்பியதும் அவர் போனை எடுக்காததும் வழக்கில் நிற்காது. நிற்பது ஒரே ஒரு வரி: அந்த "பூஞ்சை இல்லை". இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தைப் பின்பற்றிய நாடுகளில், தரத்துக்கான உத்தரவாதம் அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகச் செய்பவர் விற்றால்தான் தானாக வரும். தனிநபரிடம் வாங்கினால் சோதித்து வாங்குவது உங்கள் பொறுப்பு. அவர் சொன்னதற்கு மாறாகப் பொருள் இருந்தால் மட்டுமே அவரைக் கேட்க முடியும்.

மோசடிப் புகாரை விடுங்கள். பூஞ்சை இருப்பது தெரிந்தே விற்றார் என்று நிரூபிக்க வேண்டும். டார்ச் அடித்தே பார்க்காமல் லென்ஸ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

என் கவலையெல்லாம் உங்கள் கடைசிக் கேள்வியில்தான். தயவுசெய்து லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அதைத்தான் செய்தார். மெக்கானிக் பூஞ்சையைத் துடைத்துவிட்டார், சாட்சியும் அதோடு போயிற்று. திரும்ப மாட்டியபோது ஒரு கண்ணாடி மையம் விலகி, படத்தின் ஒரு ஓரம் மங்கியது. "என் லென்ஸைக் கெடுத்தது உங்கள் மெக்கானிக்" என்றார் எதிர்த்தரப்பு. பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், பொருளைப் பிரித்துவிட்டால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் பார்க்கக்கூடும். அப்படிப் பார்த்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை அத்தோடு சரி.

தொடர்ந்து பயன்படுத்துவதும் அப்படித்தான். படக் கோப்பிலேயே தேதி பதிவாகிறது, பல கேமராக்களில் லென்ஸின் விவரமும் சேர்ந்தே பதிவாகிறது. குறையைப் பார்த்த பிறகு எடுத்த படங்களை இணையத்தில் போட்டால், அவர் அதையே எடுத்துக் காட்டுவார். லென்ஸ் கைக்கு வந்த அன்று "சூப்பர், நன்றி" என்று எழுதினீர்களா? அதையும் காட்டுவார்.

அடுத்து, "பூஞ்சை உங்கள் அலமாரியில் வளர்ந்தது" என்பார். ஈரப்பதம் அதிகமானால் சில வாரங்களில் பூஞ்சை வருவது உண்மைதான், அதனால் இந்த வாதத்தை லேசாக எடுக்க முடியாது. கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போன குறையாக இருந்தால், அது வருடக்கணக்கில் வருவது என்று எளிதாகச் சொல்லியிருப்பேன். பூஞ்சையில் அந்த வசதி இல்லை. லென்ஸைப் பிரிக்காமல், அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியனிடம் காட்டி, எவ்வளவு பரவியிருக்கிறது, கண்ணாடிப் பூச்சை அரித்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். வரிசை எண் தெரியும்படி படமும் எடுத்துவையுங்கள்.

அப்புறம் இன்றே அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள்: குறை இது, லென்ஸைத் திருப்பித் தரத் தயார், பணம் வேண்டும். திட்டாதீர்கள், பெயர் போட்டுப் பொதுவில் எழுதாதீர்கள், பதில் வழக்கு அங்கிருந்துதான் வரும். அவர் விலையில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வந்தால், சுத்தம் செய்யும் செலவுக்கு அது போதுமென்றால், வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். இந்த ஒரு லென்ஸுக்காக நீதிமன்றம் போனால் அலைச்சல்தான் மிஞ்சும். முழுப் பணமும் தருகிறேன் என்றால், பணம் கைக்கு வந்தபின் லென்ஸைக் கொடுத்து, வரிசை எண்ணோடு பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.