நட்சத்திரங்களின் தூரம், வேகம், வெப்பம் என்று சொல்வதெல்லாம் ஊகம்தானே?

கேள்வியோடு இன்னொரு வரியும் இருக்கிறது: "யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்ததில்லையே?" போகவில்லைதான். ஆனால் அங்கிருந்து வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எந்த நிறத்தில் எவ்வளவு வருகிறது என்ற மூன்றையும் அளக்கலாம். அந்த அளவுகளிலிருந்து சொல்பவற்றில் சில அசைக்க முடியாதவை. சில உண்மையிலேயே ஆட்டம் காண்பவை. எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

நான் தொழில்முறை வானியலாளன் இல்லை. மொட்டைமாடியில் கேமராவை நிறுத்தி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை அளக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். ஒரே ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு பேசுவோம்: சுவாதி. ஆங்கிலப் பெயர் ஆர்க்டரஸ். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று பளிச்சென்று நிற்கும். அதுதான்.

முதலில் திசை. 1718இல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி) பழைய கிரேக்கப் பட்டியல்களில் இருந்த இடங்களைத் தன் காலத்து இடங்களோடு ஒப்பிட்டார். இரவு வானில் மிகப் பொலிவான நட்சத்திரமான சிரியஸும், சுவாதியும் இருந்த இடத்தில் இல்லை. சுவாதி ஒரு பாகைக்கும் மேல் நகர்ந்திருந்தது. அதாவது முழுநிலா அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்றைய அளவுப்படி அது ஆண்டுக்கு 2.28 ஆர்க் செகண்ட் நகர்கிறது. ஒரு பாகையை 3600 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்.

அந்த நகர்வு நேர்கோடாக இல்லை, லேசாக நெளிகிறது. நெளிவு ஆண்டுக்கு ஒரு முறை திரும்புகிறது. ஏனென்றால் அது நட்சத்திரத்தின் ஆட்டம் இல்லை, பூமி சூரியனைச் சுற்றுவதால் நாம் பார்க்கும் இடம் மாறி, நட்சத்திரம் நகர்வதுபோலத் தெரியும் இடமாறு தோற்றம். 1989 முதல் 1993 வரை அளந்த ஹிப்பார்கோஸ் விண்கலம் சுவாதிக்குக் கொடுத்த நெளிவின் பாதி அகலம் 0.089 ஆர்க் செகண்ட். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் தெரியும், கோணம் தெரியும், மீதி பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு. விடை சுமார் 37 ஒளியாண்டு. இதில் நட்சத்திரத்தைப் பற்றி எந்த அனுமானமும் இல்லை. அது எதனால் ஆனது, எவ்வளவு சூடு என்று ஒன்றும் தெரியாமலேயே இந்த எண் வந்துவிடுகிறது. தூரம் கிடைத்ததும் பக்கவாட்டு வேகமும் கிடைக்கும்: நொடிக்கு 122 கிலோமீட்டர்.

அடுத்தது பொலிவு. இதை அளக்கும் மேக்னிட்யூட் கணக்கை இன்றைய வடிவில் 1856இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். இதில் எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்: ஐந்து படி இறங்கினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு, ஒரு படிக்கு 2.512 மடங்கு. இவர் 1861இல் சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து, 1891இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ரெடிகுலம் என்ற நட்சத்திர மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் இந்த இருவருக்கும் ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

அளக்கும் முறை எளிது, நேர்மையாகச் செய்வதுதான் கஷ்டம். வேண்டிய நட்சத்திரத்தையும், பொலிவு மாறாத ஒன்றையும் ஒரே படத்தில் எடுத்து ஒப்பிட வேண்டும். கடலோர ஊரில் ஈரமும் தூசியும் வெளிச்சத்தைத் தின்றுவிடும், அதுவும் அடிவானத்தை ஒட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் அந்த இழப்பு இரண்டுக்கும் பொது, கழிந்துவிடும். சுவாதியின் பொலிவு −0.05. 37 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து இவ்வளவு தெரிய வேண்டுமென்றால் அது சூரியனைப் போல நூறு மடங்குக்கு மேல் ஒளிர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சேர்த்தால் சுமார் 170 மடங்கு.

மூன்றாவது நிறமாலை. கேமரா லென்ஸுக்கு முன்னால் மில்லிமீட்டருக்கு 100 கோடு போட்ட கிரேட்டிங் (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் வில்லை) மாட்டினாலே நட்சத்திரம் ஒரு வண்ணப் பட்டையாக விரியும். சிரியஸில் ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சியதால் விழும் இருண்ட கோடுகளை நாமே பார்க்கலாம். திருவாதிரையில் (ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ்) டைட்டானியம் ஆக்சைடு தின்ற இடங்கள் பட்டை பட்டையாக இருண்டிருக்கும். சுவாதியைப் பற்றிய நுட்பமான எண்களுக்குப் பெரிய தொலைநோக்கியும் நல்ல நிறமாலைமானியும் வேண்டும். எந்தத் தனிமத்தின் கோடு எவ்வளவு அழுத்தம் என்பதிலிருந்து வெப்பம் சுமார் 4300 கெல்வின் என்றும், இரும்பு சூரியனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு என்றும் தெரிகிறது.

கோடுகள் நீலப் பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கின்றன. நெருங்கி வரும் பொருளின் ஒளி இப்படித்தான் தள்ளும். அதாவது சுவாதி நம்மை நோக்கி நொடிக்கு 5 கிலோமீட்டர் வருகிறது. 500 நானோமீட்டர் கோட்டில் இந்தத் தள்ளல் 0.009 நானோமீட்டர்கூட இல்லை. போதாக்குறைக்கு பூமியே நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தால் வேகம் ஆண்டு முழுக்க 25 கிலோமீட்டர் வரை இருபுறமும் ஆடும். அதைக் கழித்த பிறகு எஞ்சுவதுதான் அந்த 5.

சரி, இது ஊகம் இல்லை என்று எப்படி நம்புவது? பொலிவும் வெப்பமும் தெரிந்தால் நட்சத்திரத்தின் அளவைக் கணக்கிடலாம்: சூரியனைப் போல ஏறக்குறைய 25 மடங்கு. இது ஒரு வழி. பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து சுவாதியின் வட்டத்தையே நேரடியாக அளந்தும் இருக்கிறார்கள், கோணம் 0.021 ஆர்க் செகண்ட். அதை 37 ஒளியாண்டோடு பெருக்கினாலும் அதே 25 வருகிறது. கருவி வேறு, முறை வேறு, விடை ஒன்று. அதேபோல, இரும்பு குறைவாக இருப்பது வயதான நட்சத்திரத்தின் அடையாளம். சுற்றியிருக்கும் கூட்டத்தோடு சேராத அந்தப் பக்கவாட்டு ஓட்டமும் அதையேதான் சொல்கிறது.

இந்த மூன்று வேலையையும் ஒரே கலத்தில் வைத்துச் செய்தது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா. 2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்டு, 2025 ஜனவரி வரை அளந்தது. 106.5 பாகை இடைவெளியில் இரண்டு திசைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுழன்றது. 2022இல் வந்த மூன்றாவது வெளியீட்டில் சுமார் 180 கோடி ஒளிப்புள்ளிகள், அவற்றில் மூன்று கோடிக்கும் மேற்பட்டவற்றுக்கு நிறமாலை வழி வேகம். நன்றாக அமைந்த அளவீடுகளில் அதன் துல்லியம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தலைமுடியின் தடிமனை அளப்பதற்குச் சமம்.

வேடிக்கை என்னவென்றால், சுவாதியும் திருவாதிரையும் கையாவுக்கு எட்டவில்லை. இரண்டுமே அதன் கருவிக்குத் தாங்காத வெளிச்சம். சுவாதிக்குக் கவலையில்லை, பக்கத்தில் இருப்பதால் ஹிப்பார்கோஸே போதும். திருவாதிரை கதை வேறு. அதன் நெளிவு 0.005 ஆர்க் செகண்ட் அளவில்தான். அதன் வட்டமோ அதைப் போல எட்டு மடங்குக்குமேல் பெரியது. அந்த வட்டத்தில் பெரிய பெரிய வெளிச்சத் திட்டுகள் தோன்றி மறைவதால் ஒளியின் மையமே அலைகிறது. எது நெளிவு, எது அலைச்சல் என்று பிரிப்பது பெரும்பாடு. அதனால் 1997இல் சுமார் 430 ஒளியாண்டு என்றார்கள், 2008இல் 640, 2017இல் 720, 2020இல் வேறொரு முறையில் 550.

பொலிவும் நிறமாலையும் அங்கே தெளிவாகவே பேசின. வழக்கமாக 0.5 இருக்கும் திருவாதிரை 2020 பிப்ரவரியில் 1.6க்கு இறங்கியது. பக்கத்திலுள்ள பெலாட்ரிக்ஸ் என்ற நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு நானும் பார்த்தேன், வெறும் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிந்தன. வெடிக்கப்போகிறது என்று யூடியூபில் ஒரே ஆரவாரம். அதே மாதம் எடுத்த நிறமாலை 3600 கெல்வின் என்றது, 2004இல் எடுத்தபோது 3650. ஐம்பது கெல்வின் குறைந்ததற்கு இவ்வளவு மங்கல் வராது என்பதால் தூசு மறைத்திருக்க வேண்டும் என்ற முடிவு வலுத்தது. சிலி நாட்டுத் தொலைநோக்கியிலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்ததில், தெற்குப் பாதி இருண்டிருந்ததும், ஒரு பகுதி குளிர்ந்து அதனருகே தூசு உருவானதும் தெரியவந்தது.

ஆக, சுவாதியின் தூரத்தை ஊகம் என்றால் நான் சண்டைக்கு வருவேன். திருவாதிரையின் தூரத்தைச் சொன்னால் வரமாட்டேன். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு இன்னொரு எண் இருக்கும். செய்திக்கு வரும்போது அதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.