ஊருக்கு ஒரு பொருளாதார முறை ஏன்? கேள்வி பதில்

கேள்வி: மனிதர் எல்லோரும் ஒன்றுதான். ஓரிடத்தில் தனிச்சொத்து, இன்னோரிடத்தில் பொதுச்சொத்து என்பது எப்படி?

ஒரே ஊரிலேயே இரண்டும் இருக்கும். சுவிட்சர்லாந்தின் தோர்பெல் மலைக்கிராமத்தில் வயலும் திராட்சைத் தோட்டமும் அவரவருக்குச் சொந்தம். மேல்மலை மேய்ச்சல் நிலமும் காடும் ஊருக்குப் பொது. பனிக்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ அத்தனையைத்தான் கோடையில் மலைக்கு ஓட்டலாம் என்று 1517-லேயே விதி எழுதிவிட்டார்கள். மேல்மலைப் புல் ஒரு வருடம் இங்கே செழிக்கும், மறு வருடம் அங்கே. துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டால் யாருக்கும் கட்டுப்படியாகாது. பலர் பலவிதமாகச் செய்து பார்க்கிறார்கள், பலன் தந்ததை அக்கம்பக்கம் பின்பற்றுகிறது, இடத்துக்கு ஒத்துவந்தது தங்குகிறது. பொருளாதார முறைகளைப் பரிணாமமாகப் பார்ப்பது என்பது இதுதான். ஆனால் தங்கிவிட்டது என்பதாலேயே அது சிறந்தது ஆகிவிடாது.

கேள்வி: அப்படியென்றால் மரபணுதான் காரணமா?

இல்லை. இங்கே கைமாறுவது பார்த்துக் கற்ற பழக்கம்.

கேள்வி: முதலாளித்துவம் உலகம் முழுக்கப் பரவியதே, அதுதானே சிறந்தது?

மேலே முதல் பதிலின் கடைசி வரி.

கேள்வி: பாலி தீவு உதாரணத்தை எல்லோரும் சொல்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

பாலியின் நெல் விவசாயிகள் 'சுபக்' எனும் பாசனச் சங்கங்களாக இருக்கிறார்கள். எப்போது நடுவது, எப்போது நிலத்தைச் சும்மா போடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்கிறார்கள். மேல்மடைக்காரருக்குத் தண்ணீர் முதலில் வந்துவிடுகிறது; கடைமடைக்காரருக்கு அவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பூச்சிக்குப் பயந்துதான். எல்லோரும் ஒன்றாக அறுத்து நிலத்தைச் சும்மா போட்டால் புகையானுக்குத் தின்ன எதுவும் கிடைக்காது. ஆளுக்கொரு நேரம் நட்டால் அது வயல் வயலாகத் தாவும். ஆற்றுப்பகுதி முழுக்க ஒரே சமயத்தில் நட்டாலோ தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை சுபக் சேர்ந்து நடுவது என்பதுதான் கேள்வி.

1970-களில் பசுமைப் புரட்சி அதிகாரிகள் இடைவெளி விடாமல் நடச் சொன்னார்கள். தண்ணீர் முறை குலைந்தது, பூச்சி பெருகியது. பிறகு மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் 172 சுபக்குகள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் ஒரு மாதிரியைக் கணினியில் செய்தார்கள். தொடக்கத்தில் ஆளுக்கொரு பயிர்த்திட்டம். அப்புறம் ஒவ்வொரு சுபக்கும் பக்கத்தில் யாருக்கு நல்ல மகசூலோ அவரைப் பின்பற்றும். சில வருடங்களிலேயே நிஜ நீர்க்கோயில் ஏற்பாட்டை ஒத்த ஒழுங்கு வந்துவிட்டது.

கேள்வி: கோயிலில் கூடிப் பேசித் திட்டமிடுகிறார்கள். திட்டமிட்டதைப் பரிணாமம் என்று எப்படிச் சொல்லலாம்?

திட்டம் போடுவது மனிதர்தான். போட்ட திட்டங்களில் எது நீடிக்கும் என்பது அவர்கள் கையில் முழுக்க இல்லை. அந்தக் கணினி மாதிரியில் பூசாரியும் இல்லை, அரசரும் இல்லை; ஆனாலும் ஒழுங்கு வந்தது.

கேள்வி: அதைத்தான் கேட்கிறேன். பாலியை ஆண்ட அரசர்களையும் டச்சுக்காரர்களையும் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டால் இப்படித்தானே வரும்?

நியாயமான ஆட்சேபம். மானிடவியலாளர்களே இதை எழுப்பியிருக்கிறார்கள். மேலிருந்து கட்டளை இல்லாமலும் இந்த ஒழுங்கு உருவாக முடியும் என்பதை மாதிரி காட்டுகிறது. வரலாற்றில் அப்படித்தான் நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. நிலமும் வரியும் யார் கையில் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலியவர் காப்பாற்றி வைப்பதாலும் ஒரு முறை தலைமுறை தலைமுறையாக நிற்கும். தங்கியது வேறு, சிறந்தது வேறு என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: சாதித் தொழில் முறை இத்தனை நூற்றாண்டு நின்றதே, அதில் ஏதோ நன்மை இருந்திருக்க வேண்டாமா?

யாருக்கு நன்மை? இதற்கு முந்தைய பதிலைத் தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: இப்போது எந்தப் பங்கு வாங்கலாம்?

என் துறை இல்லை.

கேள்வி: நம் ஏரிப் பாசனத்துக்கு இது பொருந்துமா?

பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஏரிக்கு ஏரி முறை மாறும். உங்கள் ஊரில் மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி இன்னும் இருந்தால், தண்ணீர் குறைந்த வருடம் எந்த மடையை முதலில் திறப்பார், ஏன் என்று அவரையே கேட்டு எழுதுங்கள். அதை வைத்துப் பேசுவோம்.